வட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு கொம்பு

ஓகஸ்ட் 1, 1984. புதன்

கச்சான் காற்று. கண்ணெல்லாம் மணல். கொழும்பு பஸ் அம்பாறை தாண்டி டயர் வெடித்து நின்றதில், கல்முனைக்கு வந்து சேர மத்தியான லுஹர் பாங்கு கேட்டுவிட்டது. வழி முழுக்கப் பெட்டி மடியில். தொடை மரத்துப் போயிற்று. பக்கத்து இருக்கைக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "உள்ளுக்க என்ன தம்பி, புறாவா?" என்று கேட்டார். ஒரு துளைகூட இல்லாத பெட்டியில் புறாவாம். கேட்டது போகட்டும், தட்டியதுதான் கோபம்.

கொண்டு வந்தவை: தங்கச்சிக்குச் சாரி. உம்மாவுக்குக் கம்பளிப் போர்வை (இந்தச் சூட்டில்! எந்தப் புத்தியில் வாங்கினேன்?). மச்சானுக்குக் கைக்கடிகாரம். சாச்சிக்கு வாசனைச் சவர்க்காரம். கொம்பு.

கொம்பு யாருக்கும் இல்லை. ஆய்வுகூடத்தில் ஹோர்ன் என்போம். பித்தளை. அடியில் ஒடுங்கிய கழுத்து, மேலே விரிந்த வாய், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. நுண்ணலையைப் பிடித்துக் கருவிக்குள் அனுப்புகிற வாய். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டு போகிறேன். அங்கே புதிதாக ஓர் அணுக்கரு இணைவு இயந்திரம் கட்டுகிறார்கள். அதன் கருவிகளுக்கு அளவுத்திருத்தம் செய்து கொடுப்பது என் வேலை. பார்சலில் போட்டால் எவனாவது தூக்கி எறிவான் என்று கையோடு கொண்டு வந்தேன். நடுவில் தங்கச்சியின் கலியாணத்துக்கு லீவு.

உம்மாவின் அலுமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. சாவி உம்மாவிடம். ஒருவரும் தொடக் கூடாது என்று சொன்னேன். உம்மா தலையாட்டினார். பக்கத்து வீட்டுச் சாச்சியும் (உம்மாவின் தங்கச்சி) அப்போது அங்கே நின்றார். அவரும் தலையாட்டினார்.

ஓகஸ்ட் 3. வெள்ளி

காற்று நிற்கவில்லை. பந்தல் துணி இரண்டு தரம் பிய்ந்தது.

செய்ய வேண்டியவை: கதிரைக்காரரைக் கண்டு நினைவூட்ட. லாம்பு எண்ணெய். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாய். தலைமயிர் வெட்ட.

மச்சான் (என் மூத்தவளான ராத்தாவின் கணவர், கடைத்தெருவில் துணிக்கடை) நான் அணுகுண்டு செய்வதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் ஒருவர், எந்த நாட்டின் மேல் போடுவதாக உத்தேசம் என்று விசாரிக்கிறார். மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் வயிற்றெரிச்சல்.

வீட்டுக்கு வந்து மச்சானைப் பிடித்து உட்கார வைத்து விளக்கினேன். பல இலட்சம் பாகைச் சூட்டில் ஒரு வாயு. எந்த வெப்பமானியையும் உள்ளே விட முடியாது, ஆவியாகிவிடும். அந்தச் சூட்டில் அது தானாகவே மெல்லிய நுண்ணலை விடுகிறது. அதைக் கொம்பால் பிடித்து, வருகிற அளவைப் பார்த்து, சூடு இவ்வளவு என்கிறோம். கருவி பொய் சொல்லவில்லை என்பதற்கு என்ன சாட்சி? முதலில் நமக்குத் தெரிந்த சூட்டை அதற்குக் காட்ட வேண்டும். திரவ நைதரசனில் தோய்த்த கரிப் பஞ்சு ஒன்று, அறைச் சூட்டில் இன்னொன்று, மாற்றி மாற்றி. வித்தியாசம் இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும். மணிக்கணக்கில் கூட்டிச் சராசரி எடுத்தால்தான் தலை காட்டும். வருவதில் கொம்பு தானே எவ்வளவு விழுங்கிவிடுகிறது என்பதும் தெரிய வேண்டும். அந்த ஓர் எண்ணுக்காக ஒரு குளிர்காலம் முழுக்கக் கையுறையோடு அதைத் தொட்டேன். அந்த எண்தான் சான்றிதழில் இருக்கிறது. கொம்பின் மதிப்பு பித்தளையில் இல்லை, அந்த எண்ணில்.

மச்சான் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப குண்டு இல்லையா மச்சான்?" என்றார். முகத்தில் ஏமாற்றம். கடையில் என்ன சொல்வது என்ற கவலையாக்கும்.

வளவு முழுக்கப் பித்தளை. சொந்தக்காரர் வீடுகளில் இரவல் வாங்கிய வெற்றிலை வட்டா, துப்புகிற படிக்கம், கை கழுவுகிற கிண்டி, குத்துவிளக்குக்குக் கால் மாதிரி ஏதேதோ. ஒவ்வொன்றிலும் வீட்டுப் பெண்ணின் பெயரெழுத்து குத்தியிருக்கும், கலியாணம் முடிந்து மாறிப் போகாமல் இருக்க. எழுத்தில்லாதவற்றுக்குக் குத்த ஒரு கன்னார், பித்தளை வேலைக்காரர், வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். டொக் டொக் என்று பகல் முழுக்கச் சத்தம். தலையிடி.

ஓகஸ்ட் 5. ஞாயிறு

கோபம். எழுதினால்தான் அடங்கும்.

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. குரவை, பன்னீர், எல்லாம். தங்கச்சி அழுதாள், உம்மா அழுதார், நானும் கொஞ்சம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வெள்ளை விரிப்பில் இருந்தார்கள். நான் பன்னீர்ச் செம்போடு அவர்கள் பக்கம் போனேன்.

வட்டாவுக்குப் பக்கத்தில் என் கொம்பு நின்றது.

முதலில் விளங்கவில்லை. நல்ல வடிவான படிக்கம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அல்லாஹ்வே, அப்படித்தான் நினைத்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் பெரிய மாமா, வரிப்பத்தான்சேனையில் பெரிய வயல்காரரான போடியார், குனிந்து அதற்குள் துப்பினார். சிவப்பு. தூசி புகாமல் கழுத்தின் அடியில் மூடித் தகட்டைத் திருகி வைத்தது நான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவ்வளவு இறுக்கமாகத் திருகியிருக்கிறேன்.

போடியார் அடுத்த தடவைக்கு வாய் நிறைய வைத்துக்கொண்டு குனிகிற நேரம், நான் கொம்பைத் தூக்கிவிட்டேன். அவர் கன்னம் உப்பியபடி என்னைப் பார்த்தார், வட்டாவைப் பார்த்தார், விரிப்பைப் பார்த்தார். பிறகு என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை. கொம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குசினிப் பக்கம் ஓடினேன். சேட்டெல்லாம் சாயம்.

சாச்சி அங்கே சஹன்களில் சோறு நிரப்பிக்கொண்டிருந்தார். ஆர் எடுத்தது என்று கத்தினேன்.

"நாந்தான் மகன். படிக்கம் ஒண்டு குறைஞ்சி போச்சு. உம்மாக்கிட்ட சாவி வாங்கித் துறந்தா அலுமாரிக்க இது சும்மா கிடந்திச்சி. கறுத்துப்போய்க் கிடந்ததப் புளியும் சாம்பலும் போட்டு நல்லா விளக்கினன், உள்ளுக்கயும் விட்டு உரஞ்சினன். இப்ப பாரு, என்ன மினுக்கம்."

நான் சொன்னவற்றை எழுத மாட்டேன். சமைக்க வந்த பெண்கள் எல்லாரும் கேட்டார்கள். சாச்சி கரண்டியை வைத்துவிட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, பின்வேலியால் தன் வீட்டுக்குப் போய்விட்டார். சாப்பிடவில்லை.

ஓகஸ்ட் 6. திங்கள்

புழுக்கம். பந்தல் பிரிக்கிறார்கள்.

வெளிச்சத்தில் பார்த்தேன். உட்சுவர் முழுக்கச் சாம்பல் கீறல். நான் கண்ணாடி மாதிரிக் கடைந்து எடுப்பித்த சுவர். புளி அரித்த திட்டுகள். வாயின் விளிம்புக்கு அடியில், பளிச்சென்று, "ஆ. உ." உம்மாவின் பெயரெழுத்து. கன்னார் குத்தியது. எழுத்து வடிவாகத்தான் இருக்கிறது.

இன்று வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னவை:

மச்சான்: ஒண்டும் ஆகல்லியே.
ராத்தா: முந்தியக் காட்டிலும் நல்லாத்தான் இரிக்கி.
அடுத்த வீட்டு ஹாஜியார்: கழுவினாச் சரி.
உம்மா: பாவம்டா உன்ட சாச்சி.

ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. உடைந்திருந்தால் எல்லாருக்கும் விளங்கியிருக்கும். நெளிந்து கோணியிருந்தால் மச்சானே ஐயோ என்றிருப்பார். அது நின்ற மாதிரியே நிற்கிறது. போனது எண். கண்ணுக்குத் தெரியாத சாமானைப் பறி கொடுத்தவன் பைத்தியக்காரன்.

ஓகஸ்ட் 7. செவ்வாய்

நான் படித்த பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் வேணியர் இடுக்கி இரவல். தாடை கொஞ்சம் தேய்ந்தது, ஆனாலும் பரவாயில்லை. வாயைச் சுற்றிச் சுற்றி அளந்தேன். எழுத்துக் குத்திய திசையில் வாய் சரியான வட்டமாக இல்லை. மயிரிழைதான். அந்த மயிரிழை போதும்.

உட்சுவர் எவ்வளவு கூடுதலாக விழுங்கும்? நூற்றுக்கு இரண்டா, பத்தா? கீறலைப் பார்த்துச் சொல்ல ஏலாது. இங்கே நைதரசன் இல்லை, கருவி இல்லை, ஒன்றும் இல்லை. மீன் வாடியில் ஐஸ் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்ய? எனக்குத் தெரியாது என்பதுதான் விஷயம். பிழை இவ்வளவு என்று தெரிந்தால் கழித்துவிடலாம். தெரியாத பிழையை எதில் கழிப்பது?

இந்தியாவில் அந்த இயந்திரம் புத்தம் புதிது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண் ஒன்றும் அவர்களிடம் இல்லை. இந்தக் கொம்பு சொல்வதைத்தான் நம்புவார்கள். அதன் மேல் வருடக் கணக்காகக் கட்டுவார்கள்.

பகல்: கீரிமீன், முருங்கைக்காய். சாச்சி வீட்டுக் கதவு பூட்டிக் கிடக்கிறது. உள்ளேதான் இருக்கிறாராம்.

ஓகஸ்ட் 9. வியாழன்

தபால் கந்தோரில் காலையிலிருந்து காத்திருப்பு, இங்கிலாந்துக்கு ட்ரங்க் கோல். லைன் கிடைத்தபோது பசி மயக்கம். மேலதிகாரி ஹார்ட்வெல் (இனி ஹா.) அப்போதுதான் எழும்பி வந்திருப்பார் போல, தேத்தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

கத்தித்தான் கதைக்க வேண்டும். கந்தோரில் இருந்தவர்கள் எல்லாம் முத்திரையை நாக்கில் வைத்தபடி என்னையே பார்த்தார்கள். நான் கொம்பு பழுது என்று இங்கிலிசில் கத்த, பின்னாலிருந்து ஒருவர், மாட்டு வியாபாரம் போல என்று இன்னொருவருக்குச் சொன்னார்.

ஹா. முதலில் சிரித்தார். வெற்றிலை என்றால் என்ன என்று விளக்க வைத்தார், மறுபடி சிரித்தார். அது எனக்குக் கோபம் இல்லை, நானாயிருந்தாலும் சிரிப்பேன். வேறு கொம்பு அனுப்புங்கள், இல்லாவிட்டால் இதைத் திருப்பிக் கொண்டுவந்து மறுபடி அளக்க விடுங்கள் என்றேன். நேரம் இல்லையாம். வாக்குக் கொடுத்தாயிற்றாம். பார்த்தால் தெரிகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஓர் எழுத்து, விளிம்புக்கு அடியில், என்றேன். அப்படியென்றால் பழைய சான்றிதழோடு கொண்டு போய்க் கொடு என்றார். பழைய எண் செல்லாது என்றேன்.

"அவர்களுக்கு அது போதும்," என்றார்.

அப்படியே சொன்னார். குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. நமக்கு என்றால் போதாதாம், ஒரு புள்ளி பிசகினாலும் மூன்று கூட்டம் போடுவார். அவர்களுக்குப் போதுமாம். அவர்கள் என்பதில் நானும் அடக்கம் என்பது அவருக்கு மறந்து போயிற்று, அல்லது மறக்கவில்லை. கடைசியாக, என் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க வருகிறது என்று, வானிலை சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை. லைன் அறுந்தது.

வீடு வரை நடந்தே வந்தேன். வழியில் இரண்டு பேர் சலாம் சொன்னார்கள், பதில் சொன்னேனா என்று நினைவில்லை. சாச்சி தெரியாமல் செய்தார், அவரை நான் ஊர் பார்க்கத் திட்டினேன். இவன் தெரிந்து செய்யச் சொல்கிறான், இவனுக்கு "யெஸ், சேர்" சொன்னேன். சொன்னேனே!

ஓகஸ்ட் 10. வெள்ளி

தீர்மானம்: கொண்டு போகிறேன். பழைய எண்ணோடுதான்.

காரணம் எழுதினால் அசிங்கமாக இருக்கும், ஆனாலும் இது என் நாட்குறிப்புக் கொப்பி. இங்கிலாந்து வேலை போனால் இந்த வேலை செய்ய எனக்கு உலகத்தில் வேறு இடம் கிடையாது. இங்கே வந்து என்ன அளக்க? ஹா. சொன்னார், நான் செய்தேன், அவ்வளவுதான். எத்தனை பேர் இப்படிச் செய்கிறார்கள். அவர்களுக்கும் நித்திரை வருகிறதுதானே.

கொம்பைப் பெட்டியில் வைத்தேன். சான்றிதழை மேலே வைத்தேன். அலுமாரியைப் பூட்டிச் சாவியை உம்மாவிடம் கொடுத்தேன். ஜும்ஆக் குத்பாவில் அளவை நிறுவையைப் பற்றிச் சொன்னார்கள். எனக்கென்றே சொன்ன மாதிரி. காதைப் பொத்தவா முடியும்.

நாளை வரிப்பத்தான்சேனைக்குப் போக வேண்டுமாம். போடியாரிடம் மன்னிப்புக் கேட்க. வாயில் வெற்றிலையோடு அவரை நட்டாற்றில் விட்டது பெரிய அவமரியாதையாம், புது மாப்பிள்ளைக்கு முகம் சின்னதாகப் போயிற்றாம். என் கொம்பில் துப்பியவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லாரிடமும் தலை குனிகிற வாரம் இது. இதையும் செய்துவிட்டால் முடிந்தது.

ஓகஸ்ட் 11. சனி

மச்சானோடு பஸ்ஸில் வரிப்பத்தான்சேனை. யலப் போக நெல் வெட்டு நடக்கிறது, வழியெல்லாம் வைக்கோல் தூசி. தும்மல்.

போடியார் வயலிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை விசுக்கினார்.

"விழுங்கிட்டன் தம்பி," என்றார். "தலை சுத்திச்சி, வேற ஒண்டுமில்ல. ஆனாச் சொல்லணும், அருமையான படிக்கம். எங்கிருந்து துப்பினாலும் உள்ளுக்கதான் போகும்."

கொம்பின் வாயை இவ்வளவு சரியாக ஒருவரும் பாராட்டியதில்லை. அதற்குத்தான் அந்த வடிவம், போடியாரே, சிதறாமல் வாங்குவதற்கு. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வருவது போல் இருந்தது. தயிரும் தேனும் தந்தார்கள். சாப்பிட்டேன்.

திரும்பி வரப் பொழுது பட்டு மஹ்ரிப் ஆயிற்று. உம்மாவும் சாச்சியும் வாசலில் கதைத்துக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் சாச்சி உள்ளே போய்விட்டார். ஆனால் முகம் கோபமாக இல்லை. ஏதோ ஒளிக்கிற முகம்.

ஓகஸ்ட் 12. ஞாயிறு

காற்று விட்டிருக்கிறது. நாளைக்குப் பயணம். பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டத் திறந்தேன்.

கொம்புக்கு உள்ளே வெள்ளை. கழுத்து முதல் வாய் வரை, புதுச் சோற்றுப் பானை மாதிரி, வெள்ளை வெளேரென்று. ஈயம். நேற்று நான் போடியார் வீட்டில் தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், உம்மாவின் சாவி, சாச்சியின் உத்தரவு, கன்னாரின் கை. நெருப்பில் காய்ச்சி, நவச்சாரம் போட்டு, பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பூசியிருக்கிறார். நெருப்புச் சூட்டில் கழுத்தின் ஒட்டு இளகி, கொம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

உம்மா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார். உள்ளே பழுதாகிவிட்டது, கீறிவிட்டது என்று நான் அன்றைக்குக் கத்தியது சாச்சிக்கு நெஞ்சில் தைத்துவிட்டதாம். அதுதான், கீறல் தெரியாமல் செய்து, நான் போகு முன் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று.

நான் கத்துவேன் என்று உம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் கட்டிலில் இருந்துவிட்டேன். கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைக்குக் காட்டினாலும் சொல்லும், இது வேறு சாமான் என்று. சான்றிதழில் பித்தளை என்று இருக்கிறது, கொம்பில் ஈயம் இருக்கிறது. பழைய எண்ணை இதன் மேல் ஒட்ட ஹா.வின் வாப்பாவாலும் ஏலாது.

கன்னார் அடுத்த வளவில் வேலையாக இருந்தார். விஷயம் காதில் விழுந்து வந்துவிட்டார், பாவம், பயந்து போய்.

"தம்பி கோவிக்காதீங்க. ஒரு பொழுது வேலைதான். உருக்கி வழிச்சி, கழுத்தையும் நிமித்தினா ஈயம் பூசின அடையாளமே தெரியாது. பழையபடி பித்தளையாத் தாறன்."

நேரம் இருந்தது. பஸ் நாளைக்குத்தான். அடையாளமே தெரியாது என்றால் ஹா.வுக்கும் தெரியாது, இந்தியாக்காரர்களுக்கும் தெரியாது. கன்னார் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"வேணாம்," என்றேன். "இப்படியே கிடக்கட்டும்."

சான்றிதழை எடுத்தேன். எண்ணின் மேல் குறுக்காகக் கோடு. செல்லாது. கையெழுத்து. திகதி.

தந்தி, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும், ஒரே வாசகம்: கொம்பு பழுது. உள்ளே ஈயம். எண் செல்லாது. நான் இந்தியாவுக்கு வருகிறேன், எண்ணை அங்கே வைத்துப் புதிதாக எடுப்போம், மாதங்கள் ஆகும். ஹா.வுக்கு அனுப்பியதில் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தேன்: எங்களுக்குப் போதாது. வாசகத்தை எழுதிக் கொடுத்தபோது தந்திக்காரர் மௌத்துச் செய்தி, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து என் கையைப் பிடித்தார்.

ஒப்பந்தம் போகும். போகட்டும் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபம் எங்கே போக வேண்டுமோ அங்கே போய்விட்டது.

பகல் சாச்சி வீட்டுக்குப் போனேன். கதவைத் தள்ளினேன், பூட்டில்லை. சாச்சி சோறு போட்டார். விளைமீன் ஆணம். ஒரு பிடி சாப்பிட்ட பிறகுதான் கேட்டார்.

"அந்த ஆக்கள் இத ஏத்துக்குவாங்களா மகன்?"

"மாட்டாங்க சாச்சி."

சட்டியிலிருந்து இன்னொரு மீன் துண்டை எடுத்து என் சஹனில் போட்டார், கொஞ்சம் பலமாகவே.

"அப்ப என்னத்துக்குடா சிரிக்கிறாய்?"